சதர்குல்லுக்கு நஷ்டமில்லை

மூன்றாவது வீட்டிலிருந்தும் பூர்சோக் வந்து சேர்ந்தபோதுதான் சதர்குல்லுக்குச் சந்தேகம் தட்டியது. எண்ணெயில் பொரித்த ரொட்டியைத் தட்டில் குவித்து, மேலே துணி போட்டு மூடி, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்றால் அந்த வீட்டில் யாரோ செத்திருக்க வேண்டும். அவர் சமையலறையை எட்டிப் பார்த்தார். மனைவி ஜூரா நல்லபடியாகத் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் காலையில்தான் பிஷ்கெக்கிலிருந்து போனில் பேசினாள். மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.

தட்டோடு வந்த எதிர்வீட்டுப் பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மனதைத் தளரவிடக் கூடாது, போனது போகட்டும் என்றாள்.

"எது போச்சு?" என்றார் சதர்குல்.

"அதாங்க, பன்னிரண்டும்."

அவரிடம் பன்னிரண்டு இருந்தது ஒரே ஒரு பொருள்தான். செருப்பைக்கூட மாட்டாமல் கொல்லைப்புறத்துக்கு ஓடினார். ஆப்ரிகாட் மரத்தடியில் பன்னிரண்டு தேன்பெட்டிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நல்ல மத்தியான வெயில். ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் சந்தைக்கூட்டம் மாதிரித் தேனீக்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. நுழைவதும் கிளம்புவதுமாக ஒரே பரபரப்பு. ஒரு பெட்டியின் பக்கவாட்டில் விரலால் தட்டிக் காதை வைத்தார். உள்ளே கும்மென்று இரைச்சல். நெஞ்சைத் தடவிக்கொண்டு உள்ளே வந்து, வந்தவளிடம் அத்தனையும் சௌக்கியம் என்றார். அவள் ஜூராவை ஒரு பார்வை பார்த்தாள். துக்கத்தில் மனிதர் இப்படித்தான் பேசுவார் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. கிளம்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். கிராம ஆபீஸ் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். பதினேழாவது பெயர் அவருடையது. தேன்பெட்டி பன்னிரண்டு, முழு இழப்பு.

பிப்ரவரியில் பள்ளத்தாக்கில் விழுந்த பனியை யாரும் மறந்திருக்க முடியாது. இரண்டு வாரம் கதவைத் திறக்க முடியவில்லை. ஆடுகள் நின்றபடியே விறைத்தன. வைக்கோல் தீர்ந்து, மாடுகள் கொட்டகைச் சுவரின் களிமண்ணை நக்கின. பனி உருகிய கையோடு அரசாங்கம் கால்நடைக்காரர்களுக்கும் தேனீக்காரர்களுக்கும் அவசர உதவித்தொகை அறிவித்தது. மார்ச் கடைசியில் கிராம ஆபீஸில் வேலை பார்க்கும் பெர்மெத் என்ற பெண் தெருத்தெருவாகப் போய் யாருக்கு என்ன போயிற்று என்று எழுதிக்கொண்டு வந்தாள். சதர்குல் வீட்டுக்கும் வந்தாள். ஒன்றும் போகவில்லை என்று இவர் நிமிர்ந்து நின்று சொல்லி, ஒரு கிண்ணம் தேநீரும் கொடுத்து அனுப்பினார். அப்புறம் எப்படி?

சதர்குல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருஷம் பிஷ்கெக்–ஓஷ் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். சொந்தச் சித்தப்பாவையே வித்தவுட்டில் பிடித்து, சூசாமிர் மேட்டில் நடுரோட்டில் இறக்கிவிட்டவர். அப்படிப்பட்டவர் பெயர், தனக்கு உரிமையில்லாத ஒன்றை வாங்க வரிசையில் நிற்கிறது. அதுவும் கதவில் ஒட்டி, ஊரே படிக்கும்படி.

போதாக்குறைக்கு, தேனீ வளர்ப்பு அவருக்குப் புதுசு. போன கோடையில் ரஷ்யாவுக்குக் குடிபோன ஒருவரிடமிருந்து பன்னிரண்டு பெட்டிகளையும் வாங்கினார். கூடவே ஒரு பழைய புத்தகமும் வந்தது. கருங்கடல் பக்கத்தில் எங்கோ அச்சடித்தது. அதை நான்கு தடவை படித்து முடித்துவிட்டார். பக்கத்து வீட்டு சைரகான் முப்பது பெட்டி வைத்திருக்கிறாள். குளிர்காலம் வந்ததும் அத்தனையையும் நிலவறைக்குள் இறக்கிவிடுவாள். சதர்குல் தன் பெட்டிகளை வெளியிலேயே வைத்தார். புத்தகம் அப்படித்தான் சொன்னது. நிலவறையும் வேண்டியதில்லை, கம்பளியும் வேண்டியதில்லை, சுத்தமான காற்று போதும் என்று குளிர்காலம் முழுக்க வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவளுக்குப் பாடம் நடத்தினார். சைரகான் கணவனை இழந்தவள், அதிகம் பேசாதவள். சரிங்க அண்ணே என்று கேட்டுக்கொள்வாள்.

அன்றும் வேலியோரம் அவள் நின்றிருந்தாள். பட்டியல் விஷயத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டு, "நீயே பாரு, எப்படி வேலை செய்யுதுங்க!" என்று கையை நீட்டிக் காட்டினார்.

"நல்லாத்தான் வேலை செய்யுதுங்க அண்ணே" என்றாள் சைரகான். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் தன் தேனீக்களின் ஒழுக்கத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் ஒன்றுகூட வெளியே தலைகாட்டாது, பெட்டியில் காதை வைத்தாலும் சத்தமே இருக்காது, அவ்வளவு ஆழ்ந்த தூக்கம். அதோடு பரம சாது. வாசலில் கையை வைத்தாலும் கொட்டுவதில்லை. சைரகானின் பெட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தாலே அவள் தேனீக்கள் மூக்கில் கொட்டும். வளர்ப்பு அப்படி என்று அவர் சொல்லி முடித்தார்.

மறுநாள் கிராம ஆபீஸுக்குப் போனார். பெர்மெத், பட்டியல் மாவட்டத்துக்குப் போய்விட்டது, இனி தன் கையில் ஒன்றுமில்லை என்றாள். யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, அக்கம்பக்கத்தார் சாட்சி சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்று உத்தரவு இருக்கிறது, சாட்சியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்றும் உத்தரவு இருக்கிறது என்றாள்.

"பேரை எடுக்க வழியே இல்லையாம்மா?"

"ஆட்சேபனை மனு குடுங்க மாமா. அது ஒண்ணுதான் வழி."

மனு அச்சடித்த தாள். 'எனது இழப்பு சரியாகக் கணக்கிடப்படவில்லை' என்று ஒரு வரி. ரொம்பச் சரி என்று அதில் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு கட்டம்: 'விடுபட்டவை எத்தனை?' பன்னிரண்டும்தானே விடுபட வேண்டும்? பன்னிரண்டு என்று எழுதினார். எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, அடித்தல் திருத்தல் இல்லை என்று ஓரத்தில் குறிப்பும் போட்டார். பழைய உத்தியோகப் பழக்கம்.

அடுத்த வாரம் திருத்திய பட்டியல் வந்தது. விடுபட்டுப்போன பன்னிரண்டையும் மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். சதர்குல், தேன்பெட்டி இருபத்துநான்கு, முழு இழப்பு.

பூர்சோக் வருவது நின்றுவிட்டது. கடைக்குப் போனால் பேச்சு நின்றது. செத்த பிறகும் பெருகுகிற தேனீயை இப்போதுதான் பார்க்கிறேன் என்று உப்பு வாங்க வந்த ஒருவர் கூரையைப் பார்த்துச் சொன்னார். அதைச் சிரித்துக்கொண்டு விழுங்கியிருப்பார் சதர்குல். ஆனால் பட்டியலின் அடியில் இன்னொரு மாற்றமும் இருந்தது. ஊருக்கு ஒதுக்கியது இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. ஒருவருக்குக் கூடினால் இன்னொருவர் இறங்கியாக வேண்டும். பனியில் செத்த இரண்டு பெண்குதிரைகளுக்காகப் பட்டியலில் இருந்த சைரகான் காத்திருப்போர் வரிசைக்குத் தள்ளப்பட்டிருந்தாள். அந்தக் குதிரைகளின் பாலை நம்பித்தான் அவள் கோடையில் மலைமேய்ச்சலுக்குப் போவாள். குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸ் ஊர் முழுக்க அவள் வீட்டிலிருந்துதான் வரும்.

அன்று சதர்குல்லுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலிக்குப் போய், எப்படியாவது சரிசெய்துவிடுகிறேன் என்று சைரகானிடம் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும் அண்ணே" என்றாள் அவள், கெஞ்சுகிற குரலில்.

அவளுடைய பெருந்தன்மையை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. ஒன்றும் செய்யாமல் இருப்பதாவது!

ஒருதரம் பெட்டியைத் திறந்துதான் பாருங்களேன், மனசுக்குச் சமாதானமாக இருக்கும் என்று ஜூரா சொன்னாள். ஆப்ரிகாட் பூ உதிர்ந்து முடியும்வரை மூடியில் கைவைக்கக் கூடாது, குளிர் பட்டால் குஞ்சு செத்துவிடும், நாற்பத்தோராம் பக்கம் என்றார் சதர்குல். மரம் அப்போதுதான் மொட்டு விட்டிருந்தது.

வேனில் ஏறி அவரே மாவட்ட ஆபீஸுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பேச்சு வேண்டாம், எழுத்தில் கொடுங்கள் என்றார். சதர்குல் சுருக்கமாக எழுதினார்: 'என்னிடம் பன்னிரண்டு தேன்பெட்டிகள் உயிருடன் உள்ளன என்பதை இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த நாற்காலியில் உட்கார்ந்து பத்து வருஷமாகிறது, செத்ததைச் சொல்ல வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், பிழைத்ததைத் தானாக வந்து சொல்கிறவரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். எழுந்து நின்று கைகுலுக்கினார். சதர்குல் அன்று திரும்பிவரும் வழியெல்லாம் வேன் ஜன்னலோரம் சன்னமாகப் பாடிக்கொண்டே வந்தார்.

மூன்றாவது பட்டியலில் கணக்கு இப்படி இருந்தது: செத்தது இருபத்துநான்கு, உயிரோடு பன்னிரண்டு, ஆக மொத்தம் முப்பத்தாறு. முப்பதுக்கு மேல் போனால் அது பெரிய பண்ணை. பெரிய பண்ணைக்காரர், அதிலும் நேர்மையானவர். அவர் பெயர் முதலாவதாக ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை ஊர் மன்றத்தில் விழா. முதல் உதவித்தொகையை மேடையில் அவர் கையில்தான் கொடுப்பார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் அவர் நான்கு வார்த்தை பேசவும் வேண்டும். கண்ணீரோடு பேசினால் நன்றாக இருக்கும் என்று மாவட்டத்தில் சொன்னதாக பெர்மெத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

இத்தனைக்கும் காரணம் மச்சான் எர்கேஷ்தான் என்று சதர்குல் முடிவுகட்டினார். ஜூராவின் தம்பி. இவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேனீ வளர்ப்பதை ஊர் பூராச் சொல்லிச் சிரிக்கிறவன். நேரே அவன் வீட்டுக்குப் போனார். எர்கேஷ் குதிரைக்குச் சேணம் தைத்துக்கொண்டிருந்தான். ரொட்டிமேல் கையை வைத்து, நான் எழுதிக்கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தான்.

"எனக்கு முன்னாடியே தோணாமப் போச்சே மச்சான்னுதான் வருத்தமா இருக்கு" என்றான்.

ரொட்டிமேல் கைவைத்தவனை நம்பாமல் இருக்க முடியாது. வெளியே வந்து வாய்க்கால் கரையில் நின்று யோசித்தார். நீக்கச் சொன்னால் கூட்டுகிறார்கள். இல்லை என்றால் இருக்கிறது என்கிறார்கள். இந்த அரசாங்கத்தில் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற ஓர் இடமாவது இருக்காதா? இருந்தது. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அவருக்கே அதன் வேகம் தெரியும். புகார்ப் பிரிவு.

அன்றே தபால் போட்டார். இன்ன ஊரில் சதர்குல் என்ற ஆசாமி ஒரு தேனீயும் சாகாமலேயே இருபத்துநான்கு பெட்டி செத்ததாகப் பொய்க் கணக்குக் காட்டி அரசாங்கத்தை ஏமாற்றுகிறான், உடனே வந்து விசாரிக்கவும். கீழே மறக்காமல் தன் பெயரையே கையெழுத்தாகப் போட்டார். மொட்டைக் கடிதம் எழுதுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

வியாழக்கிழமை காலை ஜீப் வந்து நின்றது. மாவட்ட அதிகாரி இறங்கினார், இந்தத் தடவை கைகுலுக்கவில்லை. அவருக்குப் பின்னால் கால்நடை மருத்துவர் ஷைலோபெக் இறங்கினார். அதிகாரி மூன்று தாள்களை எடுத்து சதர்குல் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஆட்சேபனை மனுவில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே? உறுதிமொழியில்? புகாரில்? எல்லாம் அவர் கையெழுத்துதான். பெட்டிகள் உயிரோடு இருந்தால் மனு பொய், செத்திருந்தால் புகார் பொய், எப்படியும் ஒன்றுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்றார் அதிகாரி.

"முதல்ல பாருங்க. அப்புறம் எதுக்கு வேணாலும் பதில் சொல்றேன்" என்றார் சதர்குல்.

ஊரில் பாதி கொல்லைப்புறத்தில் கூடிவிட்டது. எர்கேஷ் கொட்டகைக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஆப்ரிகாட் முழுக்கப் பூத்திருந்தது. ஷைலோபெக் எந்த மாட்டுக்குள்ளும் தோள்வரை கையை விடுகிற மனிதர், கடிக்கிற குதிரையின் வாயைப் பிளந்து பல் பார்க்கிறவர். ஆனால் தேனீ என்றால் அவருக்குத் தொடை நடுங்கும். வேலிக் கதவைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அங்கிருந்தபடியே, மூடியைத் திறக்க வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று பதில் வராதா என்ற ஏக்கத்தோடு. நாற்பத்தோராம் பக்கத்தை சதர்குல் எடுத்துச் சொன்னார். அறிவியல் சொன்னால் சரிதான் என்று மருத்துவர் உடனே ஒப்புக்கொண்டார்.

வெயில் ஏறியது. தேனீக்கள் வேலியைத் தாண்டிப் புகைபோல எழும்பின, போயின, வந்தன. பெட்டி வாசல்களில் கால்வைக்க இடமில்லை. சதர்குல் வரிசையாக நடந்து ஒவ்வொரு பெட்டியையும் தட்டினார். ஒவ்வொன்றும் உள்ளிருந்து கும்மென்று பதில் சொன்னது. கடைசிப் பெட்டியில் வெறும் கையை வாசலில் வைத்துக் காட்டினார். ஒன்றுகூடக் கொட்டவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எர்கேஷே கூரையிலிருந்து தொப்பியைக் கழற்றினான்.

"செத்த தேனீ பறக்காது. எழுதிக்குங்க" என்றார் ஷைலோபெக் வேலிக் கதவிலிருந்து.

அதிகாரி எழுதினார். மனுவில் இருந்த பன்னிரண்டு, 'விடுபட்டவை' என்ற சொல்லால் வந்த குழப்பம் என்று கூட்டத்தில் நின்ற பெர்மெத் எடுத்துச் சொன்னதும் அவர் முகம் தளர்ந்தது. அந்தச் சொல்லை அந்தத் தாளில் போட்டதே தான்தான் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். பிறகு ஒரு கெட்டியான தாளை எடுத்தார். இந்தக் குளிர்காலத்தில் தேனீ வகையில் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை, இப்போதும் இனி எப்போதும் எந்த உதவியும் கோரமாட்டேன் என்று அதில் கையெழுத்துப் போட்டால் பெயர் அடியோடு நீங்கிவிடும்.

சதர்குல் பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைரகான் முன்னால் வந்தாள்.

"அண்ணே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை."

"உன் குதிரை ரெண்டும் லிஸ்ட்ல மறுபடி ஏறிடும்மா. அதுக்குத்தானே இத்தனை பாடு? நீ கவலைப்படாதே" என்று சொல்லி, மூன்று நகல்களிலும் கையெழுத்துப் போட்டார். அவர் எழுத்து எப்போதும் அழகு. அன்று அதைவிட அழகாக வந்தது.

அதிகாரி அங்கேயே பட்டியலைத் திருத்தி, சைரகானின் பெயரைப் பழைய இடத்தில் எழுதினார். எல்லோரும் வந்து சதர்குல்லின் தோளைத் தட்டினார்கள். உப்பு வாங்க வந்து கூரையைப் பார்த்துப் பேசியவர், அடுத்த வருஷம் நானும் உங்களிடம்தான் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொள்வேன் என்றார். நிலவறை வேண்டாம், சுத்தமான காற்று போதும் என்று சதர்குல் அவருக்கு அங்கேயே ஆரம்பித்துவிட்டார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கூட்டமும் மெல்லக் கலைந்தது.

மணி ஐந்து இருக்கும். கொல்லைப்புறம் அடங்கிவிட்டது. ஜூரா மரத்தடியில் மேசையைப் போட்டுத் தேநீர் ஊற்றினாள். பூ ஒன்றிரண்டு கிண்ணத்துக்குள் விழுந்தது. சதர்குல் காலை நீட்டி உட்கார்ந்து, பல நாளைக்கப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டார். இந்த மாதிரி ஒரு நிம்மதி ஓய்வு பெற்ற நாளில்கூட வந்ததில்லை என்று மனைவியிடம் சொன்னார். அவளுக்கும் சந்தோஷம்தான், ஆனால் பெட்டிகள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலிக் கதவைத் திறந்துகொண்டு சைரகான் வந்தாள். கையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. நிறையத் தேன். அதை மேசைமேல் வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள். குதிரை விஷயத்துக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று சதர்குல்லுக்குக் கூச்சமாகிவிட்டது. அவளை வற்புறுத்தி உட்காரவைத்து, கிண்ணத்தை நகர்த்தினார். ஜாடியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மலையில் இன்னும் ஒரு பூ பூக்கவில்லை. இந்த மாசத்தில் இவ்வளவு தேன் இவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இன்னும் மனதில் பாக்கி இருந்தது.

"எல்லாம் முடிஞ்சுதும்மா. ஆனா என் பேரை அந்த லிஸ்ட்ல எழுதிக் குடுத்த புண்ணியவான் யாருன்னு மட்டும் தெரியணும்" என்றார்.

சைரகான் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் அண்ணே எழுதிக் குடுத்தேன். உங்க தேனீ மொத்தமும் பிப்ரவரியிலேயே செத்துப்போச்சு, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல; தினம் மத்தியானம் இங்க வந்து போறதெல்லாம் எங்க வீட்டுத் தேனீங்க, இந்த ஜாடியில இருக்கிறது அதுங்க உங்க பெட்டியிலேர்ந்து திருடிட்டு வந்த தேன்."